அனுபவமே தகுதியாகும் வழி: சமையலர்கள் அரசு அங்கீகாரச் சான்றிதழ் பெறுவது எப்படி?

புதுதில்லி: உணவகச் சமையலறைகளில் பத்து, பதினைந்து ஆண்டுகள் உழைத்தும் தொழில் சார்ந்த சான்றிதழ் ஒன்றுகூட இல்லாதவர்கள் நாடெங்கும் ஏராளமாக உள்ளனர். பாத்திரம் கழுவும் வேலையில் சேர்ந்து, காய் நறுக்கப் பழகி, தந்தூர் அடுப்பிலும் தோசைக் கல்லிலும் கைதேர்ந்து, ஒரு சமையலறையையே நடத்தும் நிலைக்கு உயர்ந்தவர்கள் இவர்கள். வேலை செய்யும் இடத்தில் இவர்களின் திறமை குறித்து யாருக்கும் ஐயம் எழுவதில்லை. பெரிய ஹோட்டலுக்கோ, அரசுப் பணிக்கோ, வெளிநாட்டுக்கோ விண்ணப்பிக்கும்போதுதான் 'என்ன படித்திருக்கிறீர்கள்?' என்ற கேள்வி குறுக்கே நிற்கிறது.

இத்தகையோர் ஆண்டுக்கணக்கில் வகுப்பறைக்குச் செல்லாமல், தாம் ஏற்கெனவே கற்ற தொழிலைத் தேர்வின் மூலம் மெய்ப்பித்துச் சான்றிதழ் பெற வகைசெய்வதே 'முன்கற்றல் அங்கீகாரம்' எனப்படும் ஆர்பிஎல் முறை.

அனுபவத்துக்கு அல்ல, திறனுக்கே சான்றிதழ்

இம்முறையில் விண்ணப்பதாரர் எத்தனை ஆண்டுகள் பணியாற்றினார் என்பது மட்டுமே கணக்கில் கொள்ளப்படுவதில்லை. அந்தப் பணிக்கென வகுக்கப்பட்ட தரத்தை அவர் எட்டியுள்ளாரா என்பதே மதிப்பிடப்படுகிறது. 2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தேசிய திறன் தகுதிக் கட்டமைப்பு, ஒவ்வொரு தொழிலுக்கும் அறிவு, செய்திறன், பொறுப்பு ஆகியவற்றின் அடிப்படையில் நிலைகளை வரையறுத்தது. எங்கே கற்றார் என்பதைவிட என்ன கற்றார் என்பதே முக்கியம் என்ற கருத்தே இதன் அடித்தளம். பின்னர் வந்த தேசிய மதிப்பெண் வரவுக் கட்டமைப்பும், உரிய மதிப்பீட்டுக்கு உட்பட்டால் பணி அனுபவத்தையும் கற்றலாக ஏற்கிறது.

யார் நடத்துகிறார்கள்?

2015-ஆம் ஆண்டு ஜூலை 15 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் கௌசல் விகாஸ் யோஜனாவின் ஓர் அங்கமாக ஆர்பிஎல் செயல்படுகிறது. 2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு, இத்திட்டத்தையும் உள்ளடக்கிய திறன் இந்தியா திட்டத்துக்கு ரூ.8,800 கோடி ஒதுக்க 2025 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

சமையல் சார்ந்த பணிகளுக்கான தரங்களைச் சுற்றுலா மற்றும் விருந்தோம்பல் திறன் கவுன்சில் வகுக்கிறது. சமையலறை உதவியாளர், தெருவோர உணவு விற்பனையாளர், பல்வகை உணவுச் சமையலர், கமி செஃப், செஃப் டி பார்ட்டி எனப் பணிநிலைகள் தனித்தனியே பிரிக்கப்பட்டுள்ளன. விண்ணப்பதாரர் தாம் உண்மையில் செய்துவரும் பணிக்கு இணையான நிலையைத் தேர்ந்தெடுப்பதே சரி.

மதிப்பீடு சிறப்பு முகாம்களிலும் பயிற்சி மையங்களிலும் நடைபெறும். போதிய எண்ணிக்கையில் பணியாளர்கள் இருந்தால் வேலை செய்யும் நிறுவனத்திலேயே நடத்தவும் இடமுண்டு. முதலில் குறுகிய அறிமுகப் பயிற்சி, அடுத்து எழுத்து, செய்முறை, வாய்மொழி வழியிலான மதிப்பீடு என்பது பொதுவான வரிசை. 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட 'ஸ்கில் இந்தியா டிஜிட்டல் ஹப்' தளத்தில் பதிவு செய்துகொண்டு வாய்ப்புகளை அறியலாம்.

அனுபவசாலிகள் தடுமாறும் இடம்

செய்முறைத் தேர்வில் சமைப்பது பெரும்பாலோருக்குச் சிக்கலாக இருக்காது. கைப்பழக்கத்தில் செய்ததைக் காரணத்தோடு விளக்குவதுதான் கடினம். 'கண்ணளவு' என்பது சமையலறையில் செல்லும். தேர்விலோ கிராம், மில்லிலிட்டர் கணக்கில் செய்முறையை எழுதவும், பத்துப் பேருக்கான அளவை நூறு பேருக்கு மாற்றவும் தெரிந்திருக்க வேண்டும்.

உணவுப் பாதுகாப்பு மற்றொரு முக்கியப் பகுதி. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் கிருமிகள் வேகமாகப் பெருகும்; எனவே சூடான உணவை 60 டிகிரிக்கு மேலும், குளிர்ந்த உணவை 5 டிகிரிக்குக் கீழும் வைக்க வேண்டும். சமைக்காத இறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கு நீலம், காய்கறிக்குப் பச்சை என வெட்டுப்பலகைகளுக்கு நிறம் பிரிப்பது ஒன்றின் கிருமி மற்றொன்றில் கலப்பதைத் தடுப்பதற்காகவே. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விதி. இவற்றை முன்கூட்டியே படித்துக்கொள்வது தேர்வுக்கு மட்டுமன்றி, அன்றாடப் பணிக்கும் பயன்தரும்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 'ஃபாஸ்டாக்' பயிற்சி இதற்கு உதவும். உணவைக் கையாளும் ஒவ்வொரு 25 பேருக்கும் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதால், இப்பயிற்சி பெற்றவர்களை நிறுவனங்கள் தேடுகின்றன. எனினும் இது உணவுப் பாதுகாப்புச் சான்று மட்டுமே. சமையல் தகுதிக்கு மாற்றாகாது.

பணிச்சான்றை இன்றே சேகரியுங்கள்

ஆதார் அட்டை, வங்கிக் கணக்கு விவரம், புகைப்படம் ஆகியவை அடிப்படைத் தேவை. கிடைப்பதற்கு அரியது பணி அனுபவச் சான்றுதான். சிறிய உணவகங்களில் நியமனக் கடிதமோ ஊதியச் சீட்டோ வழங்கும் வழக்கம் குறைவு. உணவகம் மூடப்பட்டுவிட்டால் சான்று தரவும் ஆள் இருக்காது. ஆகவே ஒவ்வோர் இடத்திலிருந்தும் விலகும்போதே பதவி, பணிக்காலம், செய்த வேலையின் தன்மை ஆகியவற்றைக் குறிப்பிட்டு, நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாளில் கடிதம் பெறுவது அவசியம். வருங்கால வைப்புநிதி, இஎஸ்ஐ பதிவுகள், ஊதியம் வரவான வங்கிக் கணக்கு விவரம், உணவைக் கையாள்வோருக்கான ஆண்டு மருத்துவப் பரிசோதனைச் சான்று ஆகியவையும் துணை ஆதாரமாக உதவக்கூடும்.

எந்தச் சான்றிதழ் எதற்கு உதவும்?

ஆர்பிஎல் சான்றிதழ் ஒரு திறன் சான்றிதழ். அது ஹோட்டல் நிர்வாகப் பட்டத்துக்கோ பட்டயத்துக்கோ இணையானதன்று. பத்தாம் வகுப்பு முடித்து, முறையான படிப்பை விரும்புவோருக்கு, தேசிய ஹோட்டல் நிர்வாகக் கவுன்சிலின் கீழ் உணவுத் தயாரிப்பில் ஒன்றரை ஆண்டு கைவினைஞர் படிப்பு உள்ளது. தொழிற்பயிற்சி நிலையங்களில் உணவுத் தயாரிப்புப் பிரிவு ஓராண்டுக் காலம் கொண்டது. பணி அனுபவம் உள்ளவர்கள் தனித்தேர்வர்களாக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதவும் வழி உண்டு. அந்தந்த ஆண்டின் அறிவிக்கையில் உணவுத் தயாரிப்புப் பிரிவு இடம்பெற்றுள்ளதா என்பதைப் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும்.

அரசுப் பணியிலும் இச்சான்றுகளின் தேவை கூடிவருகிறது. எல்லைப் பாதுகாப்புப் படையின் சமையலர் பணிக்கான அறிவிக்கைகளில், பத்தாம் வகுப்புத் தேர்ச்சியுடன் உணவுத் தயாரிப்பு அல்லது சமையலறை சார்ந்த, திறன் தகுதிக் கட்டமைப்பின் முதல்நிலைப் படிப்பும் கேட்கப்பட்டுள்ளது. ஆனால் வயது வரம்பு 25 என்பதால், நீண்ட அனுபவம் கொண்டவர்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தாது. ஆர்பிஎல் சான்றிதழ் ஏற்கப்படுமா என்பதையும் இளைஞர்கள் அறிவிக்கையைப் படித்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

வெளிநாடு செல்ல விரும்புவோர், அந்நாட்டின் மதிப்பீட்டு அமைப்பு எந்தச் சான்றை ஏற்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் குடியேற்றத்துக்கு விண்ணப்பிக்கும் சமையலர்களின் தகுதியையும் அனுபவத்தையும் தாமே தனியாக மதிப்பிடுகின்றன.

இடைத்தரகர்களிடம் எச்சரிக்கை

தேர்வே இல்லாமல், பணம் கட்டினால் வீட்டுக்கே சான்றிதழ் வரும் என்று கூறுபவர்களை நம்பக் கூடாது. அரசுத் திட்டத்தின் கீழ் நடைபெறும் மதிப்பீட்டுக்கு விண்ணப்பதாரர் கட்டணம் செலுத்தத் தேவையில்லை. திட்டத்துக்கு வெளியே கட்டணம் செலுத்தித் தேர்வு எழுதுவோர், சான்றிதழ் வழங்கும் அமைப்பு தேசிய தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்றதா என்பதைச் சரிபார்க்க வேண்டும். எந்த மொழியில் தேர்வு நடைபெறும், தேறாவிட்டால் மறுவாய்ப்பு உண்டா, சான்றிதழை இணையத்தில் சரிபார்க்க முடியுமா ஆகிய மூன்றையும் பெயர் பதிவு செய்வதற்கு முன்பே கேட்டறிவது நல்லது.