வாழையடி வாழையாய் விண்கலம்

ஈசூன் புளோக்குக்குக் கீழே வாழையைப் பார்த்திருப்பீங்க. தாய் சாயுமுன்னே பக்கத்தில் கன்று எழும். விண்கலமும் இப்படித் தன்னைத்தானே உண்டாக்குமா?

1940களின் இறுதியில் ஜான் வான் நியூமன் வழி வகுத்தார்: இயந்திரம் தன் வரைபடத்தைப் படித்து இன்னொன்றைச் செய்யணும், வரைபடத்தையும் நகலெடுத்துக் கொடுக்கணும். 1980இல் ராபர்ட் பிரைட்டாஸ் இதை விண்மீன்களுக்குச் செல்லும் கலத்துக்குப் பொருத்தினார். ஒரு கலம் 37 முறை இரட்டித்தால் 137 பில்லியன் கலங்கள்!

ஆனால், சிங்கப்பூரிலேயே உருவான முதல் செயற்கைக்கோளான எக்ஸ்-சாட்டை யோசிங்க. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் முன்னின்று செய்தது. 2011 ஏப்ரல் 20இல் ஏவியதோ இந்திய ராக்கெட், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. ஒரு கோளுக்கே இரண்டு நாடுகளின் உழைப்பு. வான் நியூமன் கலமோ பட்டறை, ஏவுதளம் இரண்டையும் தானே சுமக்கணும்.

தேர்வில் 'முடியும்', 'முடியாது' என்று ஒரே வரியில் முடிச்சிடாதீங்க. கணக்கில் முடியும், பட்டறையில் இன்னும் முடியவில்லை என்று பிரித்து எழுதுங்க.