பறவைக்காகப் பிறந்த குளம்

விறகு அடுக்கியாயிற்று. தீ மூட்ட ஆள் இருந்தது. மடியில் பறவையின் உடல் கிடந்தது. தண்ணீர்தான் இல்லை. கொள்ளி வைத்துவிட்டுத் தலை முழுகாமல் எப்படி எழுந்து போவது? ராமன் தரையை நோக்கி அம்பு எய்தான், நீர் பீறிட்டது. திருப்புட்குழியில் ஜடாயு தீர்த்தம் பிறந்த கதை இவ்வளவுதான்.

காஞ்சிபுரத்துக்கு மேற்கே சுமார் 12 கிலோமீட்டரில், பெங்களூரு நெடுஞ்சாலை மேல் பாலுசெட்டி சத்திரம். லாரி இரைச்சலை விட்டு உள்ளே திரும்பினால் திருப்புட்குழி, அங்கே விஜயராகவப் பெருமாள் கோயிலும் இந்தக் குளமும். திருமங்கையாழ்வார் பாடிய தலம், 108 திவ்யதேசங்களில் ஒன்று.

வால்மீகியைக் கேட்டால் ஜடாயுவின் கதை முடிந்தது கோதாவரிக் கரையில். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் புள்ளபூதங்குடிக்காரர்கள் எங்கள் ஊரில்தான் என்பார்கள். வைத்தீசுவரன் கோயிலில் ஜடாயு குண்டம் இருக்கிறது. ஆந்திரத்தில் லேபாட்சிக்கும் ஒரு கதை உண்டு. கேரளத்துச் சடயமங்கலம் இன்னும் ஒரு படி மேலே போய், பாறை உச்சியில் 200 அடி நீளச் சிலையே வைத்து 2018இல் திறந்துவிட்டது. எது அசல் என்ற வழக்கில் எனக்கு ஆர்வம் இல்லை. ஒரு கிழப் பறவையின் சாவை இத்தனை ஊர்கள் தங்கள் வீட்டுச் சாவாகக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கின்றன, அதுதான் பெரிய விஷயம்.

அதுவும் எந்தப் பறவை? மயிலா, கிளியா? வால்மீகி ஜடாயுவைக் கழுகரசன் என்கிறார். நாம் பிணந்தின்னி என்று முகம் சுளிக்கும் பாறு இனம். இதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருக்கழுக்குன்றத்தில் அர்ச்சகர் வைத்த சோற்றை உச்சிவேளையில் வந்து தின்றுபோன இரண்டு மஞ்சள்முகப் பாறுகள் 1990களுக்குப் பிறகு வருவதில்லை. மாட்டுக்கு வலி தீர ஊசி போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, நாடு முழுக்க அவற்றைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. மாட்டு வைத்தியத்தில் அந்த மருந்துக்கு 2006இல் தடை வந்தது. அதற்குள் பெரும்பாலானவை போய்விட்டன.

கோயிலுக்குள் வருவோம். வழக்கமாகப் பெருமாளுக்கு வலப்புறம் இருக்க வேண்டிய ஸ்ரீதேவி இங்கே இடப்புறம் இருக்கிறாள், பூதேவி வலப்புறம். சிதையின் அனல் தாங்காமல் ஸ்ரீதேவி இடம் மாறிவிட்டாளாம். இந்தக் கதையைக் கட்டியவர் யாரோ, சுடுகாட்டு வெக்கையில் நின்று பழகியவர். மோட்சம் கொடுத்ததைச் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். நெருப்புச் சுட்டதைச் சொல்ல ஒருவர் வேண்டியிருக்கிறது.

ராமன் அப்போது இருந்த நிலையையும் பார்க்க வேண்டும். சீதையைக் காணாமல் மரத்தையும் மானையும் கேட்டுப் புலம்பி, கடைசியில் உலகத்தையே அழித்துவிடுவேன் என்று வில்லை எடுக்கிறான். தம்பி சொல்லித்தான் அடங்குகிறான். அதற்குப் பிறகே குற்றுயிராய்க் கிடக்கும் ஜடாயு கண்ணில் படுகிறது. விறகு பொறுக்கு, தீ மூட்டு, நீர் விடு. தன் துக்கத்தை ஓரம் வைத்துவிட்டுத் தகப்பனின் தோழனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்கிறான். அந்தக் காட்டில் அவனைத் தேற்றியது அந்த வேலைதான் என்று எனக்குப் படுகிறது.

மனம் தேற இன்று காட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். ஜப்பானில் 1982இல் வனத்துறை ‘ஷின்ரின் யோகு’ என்று ஒரு பழக்கத்துக்குப் பேர் வைத்து அதைப் பரப்பியது. காட்டுக்குள் மெல்ல நட, மூச்சு விடு, மரத்தைப் பார். நல்ல வழக்கம், நம்மூர் நகரத்துக்காரர்களுக்கும் இப்போது ‘செல்ஃப் கேர்’ என்ற பெயரில் வந்திருக்கிறது. திருப்புட்குழிக்கு வருகிறவர்களை யாரும் அப்படி அழைப்பதில்லை. அமாவாசையன்று பிதுர்க்கடன் என்று வருகிறார்கள். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளிகளுக்கு அமாவாசை, தறி ஓடாத நாளும்கூட. குழித்தறியில் கால் தொங்கவிட்டு நாள் முழுக்க இழையையே பார்த்திருந்த கண்ணுக்கு அன்று கொஞ்சம் தண்ணீரும் வானமும் கிடைக்கும். ஓய்வு என்று கேட்டால் கிடைக்காத ஓய்வு, கடன் என்றால் கிடைக்கிறது.

பெண்களுக்கு வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். தாயார் மரகதவல்லிக்கு ‘வறுத்த பயறு முளைக்க வைக்கும் தாயார்’ என்றே பேர். பிள்ளை இல்லாதவள் தீர்த்தத்தில் குளித்து, மடப்பள்ளியில் வறுத்துத் தரும் பயறை ஈரத்தோடு மடியில் கட்டிக்கொண்டு இரவு தூங்க வேண்டும். விடியும்போது முளை விட்டிருந்தால் பிள்ளை உண்டு. நன்றாக வறுபட்ட பயற்றில் கரு செத்துவிடும், முளைக்காது. அது எந்தச் சமையல்காரிக்கும் தெரியும். பிள்ளையில்லாப் பழியைப் பெண் மடியில் மட்டும் கட்டுவதும் எனக்கு உவப்பில்லை. ஆனாலும் அந்த இரவை நினைத்துப் பார்க்கிறேன். மாமியார் வீட்டு அடுப்பங்கரை இல்லை, விசாரிக்கும் வாய்கள் இல்லை. குளியல், தாயார், தூக்கம். வேறு எந்தக் காரணம் சொன்னால் அவளை ஒரு ராத்திரி அப்படி விட்டிருப்பார்கள்?

இந்த ஊரில்தான் யாதவப்பிரகாசர் என்ற குருவிடம் இளம் ராமானுஜர் பாடம் கேட்டார் என்கிறது வைணவ மரபு. பரம்பொருளின் கண்களுக்கு உபநிடதம் சொன்ன உவமையைக் குரங்கின் பின்புறச் சிவப்பு என்று குரு விளக்கினார். அவருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த சீடனின் கண்ணீர் அவர் தொடையில் சுடச்சுட விழுந்தது. ஆழமான நீரில் எழுந்து, தண்டில் நின்று, கதிரவன் கதிர் பட்டு மலர்ந்த தாமரை என்று சீடன் பொருள் சொன்னான். இலக்கணம் மட்டும் படித்தவனுக்கு இது வராது. குளத்தங்கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

குருவுக்கு அது பொறுக்கவில்லை. கங்கை யாத்திரை என்று அழைத்துப்போய்த் தீர்த்துக்கட்டத் திட்டமிட்டதும், தம்பி முறையான கோவிந்தன் எச்சரிக்க ராமானுஜர் விந்தியக் காட்டில் தனியே ஒதுங்கியதும், ஒரு வேடனும் அவன் மனைவியும் வழித்துணையாக வந்ததும் குருபரம்பரைக் கதைகளில் விரிவாக உண்டு. வேடன் மனைவிக்குத் தாகம். ராமானுஜர் கிணற்றில் இறங்கிக் கையால் அள்ளி வந்து கொடுத்தார். மறுபடியும் அள்ளப் போய்த் திரும்பினால் இருவரையும் காணோம், எதிரே காஞ்சி வரதன் கோயில் விமானம். இனி என்ன செய்வது என்று கேட்டவருக்கு வரதனின் அடியார் திருக்கச்சி நம்பி தத்துவம் எதுவும் சொல்லவில்லை. அதே சாலைக் கிணற்றிலிருந்து வரதனுக்குத் தினமும் ஒரு குடம் தண்ணீர் சுமந்து வா என்றார். யாதவப்பிரகாசர் வயதான காலத்தில் அந்தத் தண்ணீர் சுமந்தவரிடமே வந்து சீடரானார்.