சாம்பிராணியும் பென்சாயிக் அமிலமும்

பென்சாயிக் அமிலம் தாவரங்களில் இயற்கையாகக் காணப்படும் ஒரு கரிம அமிலம். சாம்பிராணிப் பிசினிலிருந்தே இது முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலை போன்ற ஊர்களில் பூசைப் பொருட்களோடு நாள்தோறும் விற்கப்படும் சாம்பிராணிதான், வேதியியலின் ஒரு பெரும் பிரிவுக்குப் பெயர் கொடுத்தது.

மரமும் வணிகமும்

சாம்பிராணி மரம் தமிழ்நாட்டு மரமன்று. ஸ்டைராக்ஸ் இனத்தைச் சேர்ந்த இம்மரங்கள் சுமத்ரா, லாவோஸ், வியட்நாம் ஆகிய இடங்களில் வளர்கின்றன. பட்டையைக் கீறிவிட்டால் பால் போன்ற பிசின் கசியும். அது பல வாரங்களில் இறுகிய பின் சுரண்டி எடுக்கப்படுகிறது.

சுமத்ராவின் மேற்குக் கரையிலுள்ள பாருஸ், கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பெயர்பெற்ற பழைய துறைமுகம். அதன் அருகே லோபு துவா என்னும் இடத்தில் கிடைத்த, கி.பி. 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அங்கு இயங்கியதைக் காட்டுகிறது. இப்பிசின் விளையும் நாட்டோடு தமிழர்களுக்கு இருந்த நேரடித் தொடர்புக்கு இது சான்று.

குங்குலியம் வேறு, சாம்பிராணி வேறு. திருக்கடவூர்க் கோயிலில் தூபப் பணி செய்த குங்குலியக்கலய நாயனாரின் பெயரே, தூபமிடும் வழக்கத்தின் பழமையைச் சொல்லும்.

பெயர் வந்த வழி

அரபு வணிகர்கள் இப்பிசினை 'லுபான் ஜாவி' என்றனர். 'ஜாவா நாட்டுக் குங்குலியம்' என்பது இதன் பொருள். அக்காலத்தில் சுமத்ராவையும் அவர்கள் ஜாவா என்றே அழைத்தனர். ஐரோப்பியர் வாயில் இச்சொல் திரிந்து 'பென்சாயின்' ஆயிற்று.

16-ஆம் நூற்றாண்டில் பிசினைச் சூடாக்கி, மேலெழும் ஆவியைக் குளிரவைத்து வெண்ணிறப் படிகங்களைப் பெற்றனர். 1832-இல் லீபிக், வோலர் ஆகிய ஜெர்மானிய அறிஞர்கள் இதன் இயைபைக் கண்டறிந்தனர். ஒரு மூலக்கூறில் 7 கார்பன், 6 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. அடுத்த ஆண்டு மிட்செர்லிக் இவ்வமிலத்தைச் சுண்ணாம்புடன் சேர்த்து வடித்து ஒரு நீர்மத்தைப் பெற்றார். அதுவே பென்சீன். ஃபாரடே 1825-இல் விளக்கெரி வாயுவின் கசடிலிருந்து பிரித்த பொருளும் இதுவே.

இந்த வகைச் சேர்மங்களில் தொடக்கத்தில் அறியப்பட்டவை பல நறுமணம் உள்ளவை. அதனால் 'அரோமேட்டிக்' என்ற பெயர் நிலைத்தது. பின்னர் மணமே இல்லாத பல சேர்மங்களும், அமைப்பு ஒற்றுமையால் இப்பிரிவில் சேர்ந்தன. மணத்துக்கும் இன்றைய இலக்கணத்துக்கும் தொடர்பில்லை என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

பண்புகள்

- நிறமற்ற படிகம். உருகுநிலை சுமார் 122 பாகை செல்சியஸ்.
- சூடாக்கும்போது எளிதில் பதங்கமாகும்.
- குளிர்ந்த நீரில் சிறிதளவே கரையும். வெந்நீரில் நன்றாகக் கரையும்.
- வலிமை குறைந்த அமிலம்.

பயன்கள்

பென்சாயிக் அமிலமும் அதன் உப்பான சோடியம் பென்சோயேட்டும் பூஞ்சை, ஈஸ்ட் ஆகியவற்றின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. ஊறுகாய், பழச்சாறு, குளிர்பானம் போன்ற புளிப்புள்ள உணவுகளில்தான் இவை நன்கு வேலை செய்யும். புளிப்பில் அமிலம் பிரிகையடையாமல் நுண்ணுயிரின் செல்லுக்குள் நுழைவதே காரணம். உணவுப் பொட்டலத்தில் 211 என்ற எண் இருந்தால் அது சோடியம் பென்சோயேட்டைக் குறிக்கும். படர்தாமரைக்குப் பூசும் விட்ஃபீல்டு களிம்பில் இவ்வமிலம் 6 விழுக்காடும் சாலிசிலிக் அமிலம் 3 விழுக்காடும் உள்ளன.

உடலுக்குள் சென்ற பென்சாயிக் அமிலம் கிளைசினுடன் சேர்ந்து ஹிப்பூரிக் அமிலமாகிச் சிறுநீரில் வெளியேறுகிறது. ஆயினும் அனுமதிக்கப்பட்ட அளவை மீறக் கூடாது.

இன்றைய நிலை

இப்போது ஆலைகளில் இவ்வமிலம் பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் தொலுயீனை ஆக்சிஜனேற்றம் செய்து தயாரிக்கப்படுகிறது. கடையில் கிடைக்கும் கம்ப்யூட்டர் சாம்பிராணியிலும் கரித்தூள், மரத்தூள், வாசனைப் பொருட்கள் கலந்திருப்பதுண்டு. பெயரில் உள்ள சாம்பிராணி பொருளிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. எதை எரித்தாலும் புகை புகைதான். குழந்தைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் இருக்கும் வீட்டில் சன்னலைத் திறந்து வைத்துத் தூபம் போடுவதே நல்லது.