மலையிலிருந்து இறங்கிய ஊர்கள்

குரோஷியாவில் மகர்ஸ்கா நகரத்துக்கு நேர் பின்னால் சுவர் மாதிரி எழும்பி நிற்கிறது பியோகோவோ மலை. உச்சி 1762 மீட்டர். 1981-இல் இதை இயற்கைப் பூங்காவாக அறிவித்தார்கள். 2020-இல் 1228 மீட்டர் உயரத்தில், பாறை விளிம்பைத் தாண்டி நீளும் கண்ணாடித் தளம் ஒன்றும் வந்தது. அதில் நின்று, காலுக்குக் கீழே தெரியும் ஏட்ரியாட்டிக் கடலைப் படம் எடுக்கத்தான் கூட்டம் வருகிறது. நானும் எடுத்தேன். ஆனால் என்னை உறுத்தியது வழியெல்லாம் கிடந்த கல்வேலிகள். சாந்து இல்லாமல் அடுக்கியவை. கோடு எழுதிப் பிழைக்கிறவனுக்கு, யார் எதற்கு வைத்தது என்று தெரியாத ஒன்றைப் பார்த்தால் விசாரிக்காமல் இருக்க முடியாது.

பியோகோவோ சுண்ணாம்புப் பாறை மலை. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் பிளவுகள் வழியாக உள்ளே இறங்கிவிடும். மேலே ஓடை கிடையாது. ஆனால் ஆழமான குழிகளில் குளிர்காலப் பனி இறுகி, கோடையிலும் கரையாமல் கிடக்கும். ஆடு மேய்த்தவர்கள் அதை வெட்டி, உருக்கி மந்தைக்குத் தண்ணீர் காட்டினார்கள். மகர்ஸ்காவுக்குச் சுமந்துபோய் விற்கவும் செய்தார்கள். ஃப்ரிட்ஜ் வராத காலத்தில் கடற்கரை ஊருக்கு ஐஸ் இந்த மலையிலிருந்துதான் போனது.

ஊர்களும் அப்போது கரையில் இல்லை. பொட்கோரா, டுச்செபி எல்லாம் சரிவில் இருந்தவை. பொட்கோரா என்றாலே 'மலைக்குக் கீழே' என்றுதான் அர்த்தம். கடல் பக்கம் கொள்ளையர் பயம். மலைப் பக்கம் மேய்ச்சல், தோட்டம்.

1962 ஜனவரி 7-ஆம் தேதியும் 11-ஆம் தேதியும் பூமி குலுங்கியது. கல்வீடுகள் சரிந்தன. ஜனங்கள் கீழே இறங்கிக் கரையோரம் வீடு கட்டிக்கொண்டார்கள். அதே பத்தாண்டில் கடலோர நெடுஞ்சாலை வந்தது. பின்னாலேயே சுற்றுலாப் பயணிகளும். இறங்கியவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. இடிந்த வீட்டைவிடச் சம்பாத்தியம் தரும் கரை மேல்தானே.

பூங்கா அறிவிப்பு வந்தது நிலநடுக்கத்துக்குப் பத்தொன்பது வருஷம் கழித்து. மனிதர்கள் காலிசெய்த சரிவுகளைத்தான் நாம் இப்போது 'இயற்கை' என்று டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோம். மரம், பறவை, காட்டாடு எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு தேவைதான். அந்தப் பனிக்குழிக்கு வழி தெரிந்த கடைசித் தலைமுறையின் நினைவுக்கும் அது தேவை. 2018-இல், குரோஷியா உட்பட எட்டு நாடுகளின் சாந்தில்லாக் கல்கட்டுக் கலையை யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கலைக்குப் பட்டியல் இருக்கிறது. அந்தக் கல்லை அடுக்கிய கைகளுக்கு, பூங்காவின் வரைபடத்தில் ஒரு வரியாவது இருக்கலாம்.