வெள்ளரிப்பழம், முலாம்பழம், கணிவெள்ளரி: வகைக்கேற்ப மாறும் சத்தும் நோயாளிகள் அறிய வேண்டியவையும்

கோடைக்காலத்தில் அஞ்சுகிராமம், நாகர்கோவில் பகுதிக் கடைகளில் முலாம்பழம், வெடித்த வெள்ளரிப்பழம், பொன்னிறக் கணிவெள்ளரி ஆகியவற்றை நீங்கள் கண்டிருப்பீர்கள். தோற்றத்திலும் சுவையிலும் வேறுபட்டாலும் இவை மூன்றும் 'குக்குமிஸ் மெலோ' என்னும் ஒரே தாவர இனத்தைச் சேர்ந்தவை. ஆயினும் இவற்றின் சத்து ஒன்றன்று. சர்க்கரை நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும் அவர்களைப் பராமரிப்போரும் எந்த வகையை, எவ்வளவு, எவ்வாறு உண்பது என்பதை அறிந்திருப்பது அவசியம்.

ஓர் இனம், பல வகைகள்

வெள்ளரிப்பழம் என்பது பழுத்த வெள்ளரிக்காய் என்று பலர் கருதுகின்றனர், அது சரியன்று. பச்சையாக உண்ணும் வெள்ளரிக்காய்க்கு 7 இணை குரோமோசோம்களும், முலாம் இனத்திற்கு 12 இணை குரோமோசோம்களும் உள்ளன. இவை வெவ்வேறு இனங்கள்.

• முலாம்பழம்: இனிப்பு மிகுந்தது. சதை ஆரஞ்சு, பச்சை அல்லது வெண்ணிறமாக இருக்கும்.
• வெள்ளரிப்பழம்: பழுத்ததும் தானே வெடிக்கும். சதை மாவு போன்றது, இனிப்புக் குறைவு. புவிசார் குறியீடு பெற்ற கேரளத்தின் கொடுங்கல்லூர் பொட்டுவெள்ளரி இவ்வகையைச் சேர்ந்தது.
• கணிவெள்ளரி: சித்திரை விசுவன்று கணியில் வைக்கப்படுவது. குழம்பு, அவியல் முதலியவற்றில் சமைத்து உண்ணப்படுகிறது.

2019ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வு ஒன்று 1,175 மாதிரிகளை ஒப்பிட்டது. இவ்வினம் இந்தியாவில் இருமுறையும் ஆப்பிரிக்காவில் ஒருமுறையும் தனித்தனியே பயிராக்கப்பட்டது என்று அது காட்டியது. நம் நாட்டில் இத்தனை வகைகள் காணப்படுவதற்கு இந்நீண்ட வரலாறும் ஒரு காரணம்.

நிறம் கூறும் செய்தி

சதை ஆரஞ்சு நிறம் பெறுவதற்கு ஒரு மரபணுவில் ஏற்படும் ஒரேயோர் எழுத்து மாற்றமே முதன்மைக் காரணம். அம்மாற்றத்தால் சதையில் பீட்டா கரோட்டின் சேர்கிறது. உடல் அதனை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. 100 கிராம் ஆரஞ்சு நிறச் சதையில் ஏறத்தாழ 2,000 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் உள்ளது. பச்சை நிறச் சதையில் ஏறத்தாழ 30 மைக்ரோகிராம் மட்டுமே. எனவே வைட்டமின் ஏ கருதி உண்பவர்கள் ஆரஞ்சு நிறச் சதை உடையதைத் தேர்ந்தெடுக்கலாம்.

நோயாளிகளுக்கான வழிகாட்டுதல்

• சர்க்கரை நோய்: 100 கிராம் முலாம்பழத்தில் ஏறத்தாழ 8 கிராம் சர்க்கரை உள்ளது. ஒரு வேளைக்கு 100 முதல் 150 கிராம் வரை துண்டுகளாக உண்ணலாம், பழச்சாறு வேண்டாம். வெள்ளரிப்பழத்தில் இனிப்புக் குறைவு என்பதால் அதனுடன் சர்க்கரையோ வெல்லமோ கலந்து உண்பது வழக்கம். அவ்வாறு கலந்தால் அதனால் கிடைக்கும் நன்மை இல்லாமற்போகும். நாட்டுச்சர்க்கரையும் கருப்பட்டியும் இரத்தச் சர்க்கரையை உயர்த்துபவையே.
• சிறுநீரக நோய்: 100 கிராம் முலாம்பழத்தில் ஏறத்தாழ 230 முதல் 270 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளது, நீரும் 90 சதவீதம் உள்ளது. டயாலிசிஸ் பெறுபவர்களும், பொட்டாசியத்தையோ நீரையோ கட்டுப்படுத்துமாறு அறிவுறுத்தப்பட்டவர்களும் மருத்துவரிடம் அளவைக் கேட்டறிந்த பின்னரே உண்ண வேண்டும்.
• உயர் இரத்த அழுத்தம்: உப்பிட்டு உலர்த்திய வற்றல்களைத் தவிர்க்கவும். ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும்.

கசந்தால் உண்ணாதீர்கள்

பூசணிக் குடும்பத் தாவரங்களில் 'குக்குர்பிட்டாசின்' என்னும் கசப்பு நச்சு உண்டாகலாம். காட்டு வகையின் மகரந்தம் கலந்த விதையிலிருந்து வளரும் கொடியிலும் கசப்புக் காய்கள் தோன்றக்கூடும். சமைத்தாலும் இந்நச்சு நீங்காது. சமைக்கும் முன் சிறு துண்டை நாவில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காய் முழுவதையும் அப்புறப்படுத்துங்கள். பாகற்காயின் இயல்பான கசப்பு இதனின்று வேறுபட்டது.

வெடித்த பழமும் வெட்டிய பழமும்

இப்பழங்களில் புளிப்புத்தன்மை குறைவாதலால் வெட்டிய சதையில் கிருமிகள் எளிதில் பெருகும். 2011ஆம் ஆண்டு அமெரிக்காவில் லிஸ்டீரியா கிருமி கலந்த முலாம்பழங்களால் 147 பேர் பாதிக்கப்பட்டனர். 33 பேர் உயிரிழந்தனர். கருவுற்றவர்கள், முதியோர், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

• வெட்டும் முன் தோலை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவவும்.
• ஈ மொய்க்கும் வெடித்த பழங்களையும், திறந்து வைக்கப்பட்ட துண்டுகளையும் வாங்க வேண்டாம்.
• வெட்டிய உடனே உண்ணவும். மீதியைக் குளிர்சாதனப் பெட்டியில் மூடி வைக்கவும்.

நாட்டு விதைகளைக் காப்பது ஏன்?

1925ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாவின் முலாம் வயல்களைச் சாம்பல் நோய் தாக்கியது. அந்நோயைத் தாங்கும் பண்பு இந்தியாவிலிருந்து பெறப்பட்ட முலாம் விதைகளில் கண்டறியப்பட்டது. அதிலிருந்து உருவான 'பி.எம்.ஆர். 45' என்னும் வகை 1936இல் வெளியிடப்பட்டது. உங்கள் தோட்டத்து நாட்டு வகையும் அத்தகைய செல்வமே. தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்துவிடும் என்பதால், விதைக்கென வளர்க்கும் கொடியைப் பிற முலாம் வகைகளிலிருந்து தொலைவில் வையுங்கள். கசந்த காயின் விதையைச் சேமிக்காதீர்கள்.

எப்போது மருத்துவ உதவி தேவை?

உண்ட பின் கடும் வாந்தி, வயிற்றுவலி, இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, மயக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் தாமதமின்றி அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அவசர ஊர்திக்கு 108ஐ அழையுங்கள். கருவுற்றவர்களுக்குக் காய்ச்சல் ஏற்பட்டாலும் உடனே மருத்துவரை அணுக வேண்டும். உணவு அளவு குறித்த ஐயங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அணுகலாம்; 104 என்னும் எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.