புதையல் தேடல் நடை

புதையல் தேடல் நடை என்பது மறைகுறிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக விடுவித்து, நாட்டுப்புற வழிகளில் நடந்து சென்று, முன்னரே மறைத்து வைக்கப்பட்ட ஒரு பெட்டியையோ குறிப்பிட்ட ஓர் இடத்தையோ கண்டடையும் திறந்தவெளி விளையாட்டு ஆகும். நடைப்பயணம், விடுகதை, வரைபட வாசிப்பு ஆகிய மூன்றும் இதில் இணைகின்றன. பெயரில் புதையல் என்ற சொல் இருந்தாலும் இவ்விளையாட்டில் எதுவும் தோண்டப்படுவதில்லை. கண்டெடுத்த பெட்டியும் இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கப்படுகிறது. பொன், பொருள் தேடி நிலத்தையும் பழஞ்சின்னங்களையும் தோண்டும் புதையல் வேட்டையிலிருந்து இதைப் பிரித்தறிவது, பழைய கோயில்களும் பாறைக் கல்வெட்டுகளும் மிகுந்த விழுப்புரம், திண்டிவனம் போன்ற பகுதிகளில் இன்றியமையாதது.

நடைமுறை

நடையை அமைப்பவர் ஒரு வழியைத் தேர்ந்து, அதன் திருப்பங்களில் உள்ள நிலையான அடையாளங்களைக் கொண்டு குறிப்புகளை எழுதுகிறார். மைல்கல், ஏரி மதகு, சுமைதாங்கிக் கல், ஊர்ப் பெயர்ப்பலகை போன்றவை இதற்கு ஏற்றவை. மரங்கள் வெட்டப்படலாம், சுவர்கள் வெள்ளையடிக்கப்படலாம் என்பதால் அவற்றை மட்டும் நம்பி எழுதப்பட்ட குறிப்புகள் விரைவில் பயனற்றுப் போகின்றன. மூன்று முதல் ஐந்து பேர் வரை ஒரு குழுவாகச் செல்வது வழக்கம். இறுதிப் பெட்டியில் பெரும்பாலும் ஒரு குறிப்பேடும் இரப்பர் முத்திரையும் மட்டுமே இருக்கும். வந்தவர் பெயரையும் நாளையும் எழுதி, முத்திரையைத் தம் ஏட்டில் பதித்துக்கொண்டு திரும்புவார்.

குறிப்புகளை எழுதியவரே சரிபார்ப்பது போதாது. விடை தெரியாத ஒருவர் அவ்வழியே ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். மென்பொருளில் போலவே, எழுதியவரின் கண்ணுக்குத் தன் பிழை தெரிவதில்லை. ஒரு குறிப்புக்கு இரண்டு விடைகள் இருந்தால், இரண்டாவது விடை பெரும்பாலும் யாரோ ஒருவருடைய விளைநிலத்தின் நடுவே கொண்டுபோய் நிறுத்தும்.

மறைகுறிப்புகள்

தமிழில் விடுகதை மரபு மிகப் பழமையானது. தொல்காப்பியம் செய்யுளியலில் 'பிசி' என்பதைத் தனி வகையாகவே குறிப்பிடுகிறது. பிற்காலச் சிலேடைப் பாடல்களும் சித்திரகவிகளும் சொல்லுக்குள் சொல்லை மறைக்கும் கலையை வளர்த்தன. ஆங்கிலக் குறிப்புகளில் எழுத்துகளைக் கலைத்து அடுக்குவது முதன்மையான உத்தி. தமிழில் உயிர்மெய் எழுத்துகளின் குறியீடுகளுக்கே கால், கொம்பு, புள்ளி என்று பெயர்கள் இருப்பதால், வேறொரு வாய்ப்பு கிடைக்கிறது. சில எடுத்துக்காட்டுகள்:

"சுண்ணாம்பும் மணலும் சேர்ந்தவள், காலை இழந்தால் ஏரியைக் காப்பாள்." சுண்ணாம்பும் மணலும் சேர்ந்தது காரை. அதன் காலை நீக்கினால் கரை. எனவே ஏரிக்கரைக்குச் செல்ல வேண்டும்.

"மாட்டுக்குக் கால் போன இடத்தில் இறங்காதே." மாடு காலை இழந்தால் மடு. அதாவது ஆழமான நீர் இருக்கிறது என்ற எச்சரிக்கை.

"மலைக்குக் கால் முளைத்ததும் புறப்படு." மலை காலைப் பெற்றால் மாலை. இது இடத்தைக் குறிக்கவில்லை, நேரத்தைக் குறிக்கிறது.

"பட்டிக்குக் கொம்பு முளைத்தால் திறந்து பார்." கால்நடைகளை அடைக்கும் பட்டியின் அருகே பெட்டி இருக்கிறது.

எண்ணிக்கைக் குறிப்புகள் மற்றொரு வகை. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் ஒரு பாறையில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றை எண்ணினால்தான் அடுத்த குறிப்புக்கான எண் கிடைக்கும் என்று அமைத்தால், வந்தவர் ஒவ்வோர் உருவத்தையும் நின்று பார்த்தே தீர வேண்டும். வட்டார வழக்கும் துணை செய்கிறது. இப்பகுதியில் நிலக்கடலைக்கு வழங்கும் மல்லாட்டை என்ற பெயர் வெளியூர்க் குழுக்களைச் சற்று நேரம் திகைக்க வைக்கக்கூடியது. திண்டிவனம் என்னும் ஊர்ப்பெயரே புளிய மரங்கள் நிறைந்த காடு எனப் பொருள்படும் திந்திரிணி வனம் என்பதிலிருந்து வந்ததாகக் கூறப்படுகிறது.

வரலாறு

இவ்விளையாட்டின் இன்றைய வடிவம் இங்கிலாந்தின் டார்ட்மூர் சதுப்பு நிலத்தில் தோன்றியது. 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, எளிதில் சென்றடைய முடியாத கிரான்மியர் குட்டை அருகே ஒரு புட்டியை வைத்தார். அங்குவரை நடந்து வந்தவர்கள் தம் முகவரி அட்டையை அதில் இட்டுச் சென்றனர். இதுவே பின்னாளில் 'லெட்டர்பாக்சிங்' எனும் பொழுதுபோக்காக வளர்ந்தது. 1998-இல் சுமித்சோனியன் இதழில் வெளிவந்த ஒரு கட்டுரைக்குப் பின் ஐக்கிய அமெரிக்காவிலும் பரவியது.

தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்களுக்கு இதன் நெருங்கிய வடிவம் சாரணர் இயக்கத்தின் வழியாக அறிமுகமானது. பேடன் பவலின் நூல் 1908-இல் வெளிவந்தது முதல், வழிக்குறிகளைப் பின்பற்றிச் செல்லுதல் சாரணர் பயிற்சியின் ஒரு பகுதியாக உள்ளது. கற்களாலும் குச்சிகளாலும் அமைக்கும் அம்புக்குறி செல்லும் வழியையும், பெருக்கல் குறி செல்லக்கூடாத வழியையும், நடுவில் புள்ளியிட்ட வட்டம் 'வீடு திரும்பிவிட்டேன்' என்பதையும் குறிக்கும். கென்யாவின் நியேரி நகரில் உள்ள பேடன் பவலின் கல்லறையிலும் இந்த வட்டமும் புள்ளியுமே பொறிக்கப்பட்டுள்ளன.

1979-இல் ஓவியர் கிட் வில்லியம்சு 'மாசுகரேடு' என்ற படநூலை வெளியிட்டார். அதன் ஓவியங்களில் ஒரு தங்க முயல் அணிகலன் புதைக்கப்பட்ட இடத்துக்கான குறிப்புகள் மறைந்திருந்தன. நூலைப் படித்தவர்கள் பிரித்தானியாவின் பல இடங்களில் மண்ணைத் தோண்டத் தொடங்கினர். 1982-இல் முயல் கிடைத்தது. ஆனால் கண்டுபிடித்தவர் புதிரை நேர்மையாக விடுவிக்கவில்லை என்பது 1988-இல் வெளியானது. விலைமதிப்புள்ள பரிசும் தோண்டும் தேவையும் சேர்ந்தால் விளையாட்டு எங்குபோய் முடியும் என்பதற்கு இந்நிகழ்வு நல்ல சான்று.

ஜி.பி.எஸ். செய்மதிகளின் குறியலைகளில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. பொதுமக்களின் புவியிடங்காட்டிகள் அதற்குமுன் ஏறத்தாழ 100 மீட்டர் வரை பிழையாகக் காட்டிவந்தன. மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்து வைத்து, அதன் ஆள்கூறுகளை இணையத்தில் வெளியிட்டார். இவ்வாறு 'ஜியோகேச்சிங்' தோன்றியது. 2004-இல் அமெரிக்க நிலவியல் சங்கம் இதன் பெட்டியில்லா வடிவத்தை அறிமுகப்படுத்தியது. இதில் நிலவியல் முக்கியத்துவம் வாய்ந்த இடத்துக்குச் சென்று, கண்ணால் கண்டவற்றைக் கொண்டு வினாக்களுக்கு விடையளிப்பதே புதையல்.

விழுப்புரம், திண்டிவனம் பகுதி

ஏறத்தாழ 40 கி.மீ. இடைவெளியில் உள்ள இவ்விரு நகரங்களைச் சுற்றிலும் ஏரிகள், பாறைக் குன்றுகள், குடைவரைகள் என மறைகுறிப்புக்கு உகந்த இடங்கள் பல உள்ளன. இவற்றுள் மண்டகப்பட்டு தனித்துக் குறிப்பிடத்தக்கது. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த இக்கோயிலின் வடமொழிக் கல்வெட்டே ஏறக்குறைய ஒரு விடுகதை. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் கோயில் எழுப்பியவன் விசித்திரசித்தன் என்று அது கூறுகிறது. மன்னனின் இயற்பெயர் அங்கே இல்லை, விருதுப்பெயர் மட்டுமே உண்டு. அதை விடுவித்தது பிற்கால ஆய்வாளர்களின் வேலையாயிற்று.

பெட்டியில்லா நடைக்குத் திருவக்கரை பொருத்தமானது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் பழமையான கல்மரங்கள் இங்கு உள்ளன. ஐரோப்பிய இயற்கையியலாளர் பியேர் சொன்னரா 1781-இல் இவற்றைப் பற்றி எழுதினார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1940-இல் இங்கே தேசியக் கல்மரப் பூங்காவை அமைத்தது. ஒரு சிறு துண்டைக்கூட எடுத்துச் செல்லலாகாது. 2025 சூலையில் உலக மரபுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட மராட்டியக் கோட்டைத் தொகுதியில் இடம்பெற்ற செஞ்சிக் கோட்டையும் இம்மாவட்டத்திலேயே உள்ளது.

வடகிழக்குப் பருவமழைக்குப் பின், சனவரி, பெப்ரவரி மாதங்கள் நடப்பதற்கு ஏற்றவை. கோடையில் எழுதிய குறிப்பை மழைக்குப்பின் பயன்படுத்துவதில் ஒரு சிக்கல் உண்டு: அப்போது வறண்டிருந்த ஏரிக்குள் இருக்கும் கல், இப்போது நீருக்கடியில் இருக்கும். கைப்பிடிச் சுவரற்ற கிணறுகள் வயல்வெளியில் இருக்கக்கூடும் என்பதால் இருட்டியபின் நடப்பது தவிர்க்கப்பட வேண்டும். பயிர் நிற்கும் காலத்தில் வரப்பை விட்டு இறங்கலாகாது. பட்டா நிலமாயின் உரியவரின் ஒப்புதலையும் முன்னரே பெறவேண்டும்.

தோண்டுதலும் சட்டமும்

வாசிக்கத் தெரியாத பழைய எழுத்துகள் புதையலுக்கான குறிப்புகள் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டின் ஊர்ப்புறங்களில் பரவலாகக் காணப்படுகிறது. இதனால் கல்வெட்டுப் பாறைகள் உடைக்கப்படுவதும், நடுகற்கள் பெயர்க்கப்படுவதும் உண்டு. ஆனால் படித்துப் பார்த்தால் பெரும்பாலான கல்வெட்டுகள் நிலக்கொடை, வரி, விளக்கு ஆகியவற்றையே பேசுகின்றன. சோழர் காலக் கல்வெட்டுகள் பலவற்றில் ஒரு நந்தா விளக்கு எரிப்பதற்காக 90 அல்லது 96 ஆடுகள் அளிக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. அந்த ஆடுகளைத் தேடி இன்று எவரும் தோண்ட வேண்டியதில்லை.

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் அதை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மைய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களைச் சேதப்படுத்துவோருக்கு, 2010-இல் திருத்தப்பட்ட தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி இரண்டு ஆண்டுகள் வரை சிறையோ, ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆகவே இத்தகைய இடங்களில் பெட்டி வைப்பதும், சுண்ணக்கட்டியால் பாறையில் அம்புக்குறி இடுவதும் கூடா. பார்த்து எண்ணி விடை எழுதும் குறிப்புகளையே அமைக்க வேண்டும்.

விழுப்புரத்தை அடுத்த எசாலத்தில் 1987-இல், அப்போது தென்னார்க்காடு மாவட்டமாக இருந்த பகுதியில், சிவன் கோயில் திருப்பணியின்போது மண்ணுக்குள்ளிருந்து செப்புத் திருமேனிகளும் முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேடுகளும் வெளிப்பட்டன. அவை ஒரே இடத்திலிருந்து சேர்ந்தாற்போல் கிடைத்ததால்தான், கோயிலைக் கட்டியவர் மன்னனின் குருவான சர்வசிவ பண்டிதர் என்ற செய்தியும் கோயிலுக்கு அளிக்கப்பட்ட கொடையின் விவரமும் அவ்வூரோடு பொருத்தி அறியப்பட்டன.