தெல்லிப்பழையிலிருந்து மயிலிட்டி வரை: ஒருநாள் கரையோரப் பயணம்

1990 யூன் மாதத்தில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். அந்தக் காலத்தை ஒட்டிப் பிறந்த என் போன்றோருக்குக் கீரிமலையும் மயிலிட்டியும் கோணப்புலம் முகாமில் பெரியவர்கள் சொன்ன கதைகளாகவே இருந்தன. இன்று இந்தக் கரையின் ஒரு பகுதிக்காவது போய்வர முடிகிறது. பார்க்கக்கூடிய இடங்களை வரிசையாகத் தருகிறேன்.

தெல்லிப்பழை: யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வரலாம். 2015 ஜனவரியில் மீண்டும் ஓடத் தொடங்கிய புகையிரதமும் உண்டு. துர்க்கை அம்மன் கோவிலும், 1816 இல் அமெரிக்க மிஷனரிமார் தொடக்கிய யூனியன் கல்லூரியும் இங்குள்ளன.

மாவிட்டபுரம்: குதிரை முகம் நீங்கப்பெற்ற இளவரசி மாருதப்புரவீகவல்லியின் ஐதீகத்தைக் கொண்டது இங்குள்ள கந்தசுவாமி கோவில். மா என்றால் குதிரை. அம்முகம் விட்டு நீங்கியதால் மாவிட்டபுரம் என்பர்.

கீரிமலை: மாவிட்டபுரத்திலிருந்து மேற்கே திரும்ப வேண்டும். வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் மழைநீர் சுண்ணக்கல்லினூடே இறங்கி, கடலோரத்தில் நன்னீர் ஊற்றாக வெளிவருகிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணிகள் உள்ளன, மாற்றுடை அவசியம். அருகிலுள்ள நகுலேஸ்வரம் 1990 இல் விமானக் குண்டுவீச்சில் சிதைந்தது. 2012 இல் கும்பாபிஷேகம் கண்டது. ஆடி அமாவாசையில் தந்தையை இழந்தோர் பிதிர்க்கடன் செய்யக் கூடுவர். காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு அந்தக் கடனைச் செய்வதா, காத்திருப்பதா என்ற கேள்வி பல வீடுகளில் இன்னும் முடியவில்லை.

காங்கேசன்துறை: மாவிட்டபுரத்துக்குத் திரும்பி வடக்கே போனால் கடற்கரை. 1893 இல் கட்டிய வெளிச்சவீடு, 1990 இல் உற்பத்தி நின்ற சீமெந்துத் தொழிற்சாலை, அதற்குச் சுண்ணக்கல் அகழ்ந்த பெருங்குழிகள் ஆகியன இங்குள்ளன. துறைமுகத்திலிருந்து நாகபட்டினத்துக்குப் பயணிகள் கப்பல் சேவை 2023 ஒக்ரோபரில் தொடங்கியது. கடற்கரையிலுள்ள தல்செவன விடுதியை இராணுவம் நடத்துகிறது. அங்கே அறை எடுப்பதற்கு முன் அந்த நிலத்தின் கதையைக் கேட்டறிவது நல்லது.

தையிட்டி: தனியார் காணிகளில் எழுந்த திஸ்ஸ விகாரை இங்குள்ளது. காணி உரிமையாளர்கள் பௌர்ணமி நாட்களில் எதிர்ப்புப் போராட்டம் நடத்திவந்துள்ளனர்.

மயிலிட்டி: வடக்கின் பெயர்பெற்ற மீன்பிடித் துறைமுகம். 27 ஆண்டுகளின் பின் 2017 யூலையில் விடுவிக்கப்பட்டது. திரும்பிய குடும்பங்களின் புதிய வீடுகளுக்குப் பக்கத்திலேயே கூரையில்லாத பழைய சுவர்களும் நிற்கின்றன.

கவனிக்க: முகாம் வேலிகளுக்கு அருகே படம் எடுக்கவேண்டாம். விடுவிக்கப்படாத பகுதிகளின் எல்லையை ஊரவரிடம் கேட்டுப் போங்கள். புலம்பெயர் நாடுகளிலிருந்து வருவோர் காணி உறுதியின் பிரதியையும், ஊரை அறிந்த முதியவர் ஒருவரையும் கூட்டிவந்தால், வேலியடியில் நின்றாவது தங்கள் வளவு எத்திசையில் இருந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம்.